மறதி தொடங்கிய பெற்றோருக்குக் கண்புரை அறுவை: இப்போதா, பிறகா, வேண்டாமா?

வயது எண்பதாகிறது, ஞாபகமும் தப்புகிறது, இனி எதற்கு ஆபரேஷன்? கண்ணில் புரை இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து பல வீடுகளில் இந்தக் கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. பெரியவர் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார்கள். தளர்ந்த உடம்பை ஏன் வதைக்க வேண்டும், மேசையில் அசையாமல் படுப்பாரா, வீட்டுக்கு வந்த பிறகு சொட்டு மருந்தை யார் விடுவது என்று ஒவ்வொரு கவலைக்கும் காரணம் இருக்கிறது. கடைசியில் எல்லாக் கவலைகளும் சேர்ந்து "பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரு சொல்லில் போய் நிற்கின்றன. அதுவும் ஒரு முடிவுதான். அதன் பலனை அனுபவிப்பவர் மட்டும் அந்தப் பேச்சில் பெரும்பாலும் இருப்பதில்லை.

குடும்பத்தின் முன் இருக்கும் வழிகள் மூன்று. இப்போதே அறுவை செய்வது, புரை முற்றட்டும் என்று காத்திருப்பது, அறுவையே இல்லாமல் வெளிச்சம், கண்ணாடி, வீட்டு அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு சமாளிப்பது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறதி ஆரம்பக் கட்டத்தில் இருந்து, புரை அன்றாட வேலைகளைக் கெடுக்கிறது என்றால், அந்த மறதியே சீக்கிரம் அறுவை செய்துகொள்வதற்கான காரணம். மறதி மிகவும் முற்றிய நிலையில் கணக்கு மாறும். அதையும் பின்னால் சொல்கிறேன்.

கண்ணா, மூளையா?

என் அத்தை கோவில்பட்டியில் இருக்கிறார். காலையில் எழுந்ததும் தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்து, ராகு காலமும் எமகண்டமும் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவார். ஒரு கட்டத்தில் அந்தத் தாள் நாள்கணக்கில் கிழிபடாமல் தொங்கியது. பால்காரரிடம் இருபது ரூபாய்த் தாள் என்று நினைத்து இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். இரண்டுமே மஞ்சள் சாயல் கொண்டவை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவதுதான் புரை. அது பழுப்பேறிய கண்ணுக்கு நிறங்கள் மங்கிப்போகும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் முற்றத்தைக் காட்டி, "அந்தப் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்?" என்று கேட்டார். அங்கே யாரும் இல்லை. மாமா எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே வாக்கியம்: "உன் அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது."

கண்ணைப் பரிசோதித்தபோது இரண்டிலும் புரை. வலக்கண்ணில் விரல்களை எண்ணும் அளவுக்குத்தான் பார்வை. அதே வாரம் மனநல மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். அத்தைக்கு ஒன்றுதான் நினைவில் இருந்தது. காதால் கேட்டுச் சொல்லும் சோதனை அது. கண்ணுக்கு அதில் வேலையில்லை. ஆக இரண்டும் உண்மை. மறதி இருந்தது, அதைவிடப் பெரியதாகக் காட்டிய பார்வைக் குறையும் இருந்தது.

இதைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. நினைவாற்றலைச் சோதிக்க மருத்துவமனைகளில் பயன்படுத்தும் 30 மதிப்பெண் தாள்களில் எழுதியதைப் படித்துச் செய்வது, ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைவது, கடிகாரம் வரைவது போன்ற கேள்விகள் உண்டு. பார்வை மங்கியவர் அங்கே மதிப்பெண் இழப்பார். அந்த இழப்பு மறதியின் கணக்கில் ஏறிவிடும். அவற்றில் ஒன்றான மான்ட்ரியல் அறிதிறன் சோதனைக்குப் பார்வையற்றோருக்கான 22 மதிப்பெண் வடிவம் ஒன்று இருக்கிறது. படம் சார்ந்த கேள்விகளை நீக்கிவிட்டுக் கேட்பது அது. "கண் சரியாகத் தெரியவில்லை, கேட்டுப் பதில் சொல்லும்படி சோதியுங்கள்" என்று மருத்துவரிடம் நாமே சொல்லலாம்.

முற்றத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு விளக்கம் உண்டு. 1760-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பானெ என்ற இயற்கை ஆய்வாளர், பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் தோன்றி மறைந்ததைப் பதிவு செய்தார். தாத்தாவின் அறிவு தெளிவாகவே இருந்தது. கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானாகவே உருவங்களை உண்டாக்குவதுதான் இது. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இப்படித் தோன்றுபவர்கள் பேசுவதில்லை, சத்தம் எழுப்புவதில்லை. அவை நிஜமல்ல என்று எடுத்துச் சொன்னால் பெரியவர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். ஆனால் லூயி பாடி என்ற வகை மறதி நோயிலும் உருவங்கள் தெரியும். ஆகவே வீட்டிலேயே பெயர் சூட்டிவிடாமல் கண் மருத்துவர், நரம்பியல் அல்லது மனநல மருத்துவர் இருவரிடமும் சொல்ல வேண்டும். பேய், காற்று, கருப்பு என்று வேறு வாசலுக்கு அழைத்துப்போய் மாதங்களைத் தொலைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களில் புரை இறுகிக்கொண்டிருக்கும்.

அறுவை செய்தால் ஞாபகம் திரும்புமா?

திரும்பாது. இந்த எதிர்பார்ப்போடு மேசையில் ஏற்றக் கூடாது. ஆராய்ச்சிகள் சொல்வது வேறு.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதைத் தாண்டியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு ஒன்று நடக்கிறது. அதில் கண்புரையோ கண் அழுத்த நோயோ இருந்த 3,038 பேரின் விவரங்களை அலசி, 2021 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். புரையை எடுத்துக்கொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவாக இருந்தது. கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. அந்த அறுவை பார்வையைத் திருப்பித் தருவதில்லை, இருப்பதைக் காப்பாற்றுவதோடு சரி என்பதை நினைத்துப் பார்த்தால், பார்வை தெளிவதற்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது.

ஆனாலும் இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுதான். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு அறுவை செய்து, மீதிப் பேரை விட்டுவைத்துப் பார்த்ததல்ல. பொதுவாகவே உடல்நலமும் வீட்டு ஆதரவும் உள்ளவர்கள்தாம் அறுவைக்கு வருவார்கள் என்பதும் ஓரளவு காரணமாக இருக்கலாம். தவிர, அது மறதி நோய் வருவதற்கு முன் அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றிய கணக்கு. வந்துவிட்டவரின் மறதி மறையும் என்று அதிலிருந்து படிக்க முடியாது. 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆய்வுக் குழு மறதி நோய்க்கான மாற்றத்தக்க காரணங்களைப் பதினான்காக விரித்தபோது, சரிசெய்யப்படாத பார்வைக் குறையைப் புதிதாகச் சேர்த்தது. உலக அளவில் அதன் பங்கை 2 விழுக்காடு என்று கணித்தது. சிறிய பங்குதான். ஆனால் காது கேளாமை, இரத்த அழுத்தம், சர்க்கரை என்று நீளும் அந்தப் பட்டியலில் அரை மணி நேரத்துக்குள் சரிசெய்யக்கூடியது இந்த ஒன்றுதான்.

அத்தைக்கு அறுவைக்குப் பின் பிள்ளைகள் தோன்றுவது நின்றது. காலண்டர் தாள் மறுபடி கிழிந்தது. மருமகளின் பெயர் இன்னும் சில சமயம் மாறித்தான் வருகிறது.

காத்திருந்தால் என்ன ஆகும்?

"புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு பழைய அறுவை முறையின் காலத்தில் சரியாக இருந்தது. அப்போது லென்ஸை முழுதாக வெளியே எடுப்பார்கள். உள்ளே வேறு லென்ஸ் வைக்க மாட்டார்கள். சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. கண்ணைக் கட்டி, நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். இரண்டு கண்ணையும் கட்டிப் போட்ட முதியவர்கள் இருட்டில் பயந்து பிதற்றுவது மருத்துவ நூல்களிலேயே பதிவாகியிருக்கிறது. எண்பது வயதுக்காரர் ஆபரேஷன் என்றதும் நடுங்கினால், தன் அப்பாவையோ ஆச்சியையோ அந்தக் கோலத்தில் பார்த்த நினைவாக இருக்கலாம். இப்போது நடப்பது வேறு என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

இன்றைய முறைக்கு முற்றாத புரைதான் எளிது. முற்ற முற்ற லென்ஸ் கல்லாக இறுகும், அறுவை நேரம் கூடும், சிக்கல்களும் கூடும். அளவுக்கு மீறி முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறி, தாங்க முடியாத வலியோடு பார்வை நிரந்தரமாகப் போகும் ஆபத்தும் உண்டு. அது நேர்ந்த பிறகு அவசர அறுவைதான். மறதி உள்ளவரை அந்த வலியோடு இரவில் ஊர் விட்டு ஊர் தூக்கிக்கொண்டு ஓடுவது கொடுமை.

காத்திருக்கும்போது புரை மட்டும் முற்றுவதில்லை, மறதியும் முற்றுகிறது. இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இன்று "மேலே வெளிச்சத்தைப் பாருங்கள், தலையை ஆட்டாதீர்கள்" என்றால் புரிந்துகொண்டு படுக்கக்கூடியவர், இரண்டு வருடம் கழித்து முகத்தில் துணி போட்டதும் அதைப் பிடுங்கி எறியலாம். இன்று சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து முடிக்கக்கூடிய அறுவைக்கு, அன்று முழு மயக்கம் தேவைப்படலாம்.

விழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைக் கடந்த 306 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதல் கண்ணில் அறுவை செய்தார்கள். மற்றக் குழு வழக்கம்போல ஓராண்டு வரிசையில் காத்திருந்தது. 2005-இல் வெளியான முடிவுப்படி, சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்கள் விழுந்த எண்ணிக்கை 34 விழுக்காடு குறைவு. எலும்பு முறிவு அவர்களில் 3 விழுக்காட்டினருக்கு, காத்திருந்தவர்களில் 8 விழுக்காட்டினருக்கு. மறதி உள்ளவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பெரிய அறுவை, மருத்துவமனைப் படுக்கை, குழப்பம், படுத்த படுக்கை என்று அடுக்கடுக்காக வரும். கண் அறுவைக்குப் பயந்து தள்ளிப்போட்ட குடும்பம் அதைவிடப் பல மடங்கு பெரிய அறுவையின் முன் வந்து நிற்கும்.

காத்திருப்பது நியாயமாகும் நேரங்களும் உண்டு. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கட்டுக்கடங்காமல் இருந்தால், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். புரை லேசாக இருந்து, பெரியவர் செய்தித்தாள் படிக்கிறார், தானே சமைக்கிறார் என்றால் அவசரமே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். "வெயில் காலம் போகட்டும்" என்பதற்கு மட்டும் மருத்துவக் காரணம் கிடையாது.

செய்வதென்றால் எப்படி, எங்கே?

முதல் கேள்வி, மரத்துப்போகச் செய்வது எப்படி என்பது. சொட்டு மருந்து மட்டும் விட்டுச் செய்யலாம், கண்ணைச் சுற்றி ஊசி போட்டுச் செய்யலாம், முழு மயக்கம் கொடுத்தும் செய்யலாம். சொட்டு மருந்தில் கண் அசையும். நோயாளி சொன்னபடி பார்க்க வேண்டும். ஊசி போட்டால் கண் அசையாது, வலியும் தெரியாது. ஆனால் ஊசி போடும் அந்த நிமிடத்தைத் தாங்க வேண்டும். லேசான மறதி உள்ளவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றே பெரும்பாலும் போதும். முழு மயக்கத்துக்குப் பின் முதியவர்களுக்குச் சில நாள்கள் மனக்குழப்பம் வருவதுண்டு; மறதி உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பதற்றத்தைத் தணிக்க ஊசியோ மாத்திரையோ கொடுத்தால்கூடச் சிலர் அமைதியாவதற்குப் பதில் இன்னும் குழம்பிவிடுவார்கள். முழு மயக்கம் இல்லாமல் முடியாது என்று மருத்துவர் சொன்னால், கிடைக்கும் பார்வை அதற்கு ஈடாகுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ஈடாகும் என்றால், ஒரே மயக்கத்தில் இரண்டு கண்ணையும் முடிக்க முடியுமா என்றும் கேளுங்கள். வழக்கமாக அப்படிச் செய்வதில்லை, தொற்று வந்தால் இரண்டு கண்ணுக்கும் வரும் என்ற அச்சம் இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் சில மருத்துவர்கள் அதைப் பரிசீலிப்பார்கள்.

அசையாமல் படுப்பாரா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அத்தையைக் கட்டிலில் மல்லாந்து படுக்கவைத்து, மெல்லிய வேட்டித் துணியை முகத்தின் மேல் கூடாரம் மாதிரி பிடித்து, கால் மணி நேரம் இருக்கச் சொன்னோம். முதல் தடவை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, "யாரது? விளக்கை அணைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாதே, ஏதாவது வேண்டுமென்றால் என் கையை அழுத்து" என்றார். அடுத்தடுத்த நாள்களில் அழுத்துவது பழகிவிட்டது. அறுவை அரங்கில் ஒரு செவிலியர் அதேபோல் கையைப் பிடித்துக்கொண்டார். முன்கூட்டியே கேட்டுக்கொண்டதால் நடந்தது. இருமல், மூச்சுத்திணறல், முதுகுக் கூனல், அடிக்கடி சிறுநீர் போன்றவையும் இந்த ஒத்திகையில் தெரிந்துவிடும். காது கருவி வைத்திருப்பவர் என்றால் அதை அரங்கிலும் அணிய அனுமதி கேளுங்கள். கண்ணும் மூடி, காதும் கேட்காமல் கிடந்தால் யாருக்கும் பயம் வரும்.

அடுத்தது அறுவை முறை. பேக்கோ என்ற முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியே, மீயொலியால் லென்ஸை உடைத்து உறிஞ்சுகிறார்கள். கையால் செய்யும் சிறுதுளை முறையில் 6 முதல் 7 மில்லிமீட்டர் வெட்டு; அதிலும் தையல் பெரும்பாலும் தேவைப்படாது. பேக்கோ உயர்ந்தது, மற்றது ஏழைகளுக்கு என்ற நினைப்பு நம்மிடையே இருக்கிறது. இறுகி வெளுத்த புரைகளில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 270 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. ஆறு வாரத்துக்குப் பின் கண்ணாடியோடு கிடைத்த பார்வை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அறுவை நேரம் சிறுதுளை முறையில் சராசரியாக 9 நிமிடம், பேக்கோவில் 12 நிமிடம். புரை மிதமாக இருந்து சொட்டு மருந்திலேயே முடிக்க முடியுமானால், மறதி உள்ளவருக்குப் பேக்கோவையே தேர்ந்தெடுப்பேன். துளை சிறியது, கண்ணைக் கசக்கினாலும் ஆபத்து சற்றுக் குறைவு. கல்லாக இறுகிய புரைக்கு, மருத்துவரின் கை எதில் தேர்ந்ததோ அதுவே நல்ல முறை.

முகாமா, தனியார் மருத்துவமனையா என்ற கேள்விக்கு என் பதில் பணத்தைப் பொறுத்ததல்ல. இலவச முகாம்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேரின் கண்ணைத் திறந்திருக்கின்றன. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பணி அதற்கு வழிகாட்டியது; அறுவையின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் முகாம் என்றால் பஸ்ஸில் கூட்டமாக அழைத்துப்போய், வேறு ஊரில், பெரிய கூடத்தில் பாய் விரித்துத் தங்கவைப்பது வழக்கம். துணைக்கு ஆள் போக இடமிருக்காது. தெளிவான நினைவுள்ள பெரியவருக்கு அது ஒரு சிறு பயணம். இடம் மாறினாலே தடுமாறுபவருக்கு அந்த இரவு நரகம். இவர்களுக்கு நல்லது, காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் ஏற்பாடு. கையில் பணம் இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் துணை ஆளோடு சேரலாம். முகாம் நடத்தும் மருத்துவமனைக்கே நேரில் போய், நிலைமையைச் சொல்லி, உடன் தங்க அனுமதி கேட்கலாம். கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

லென்ஸ் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்வேன். தூரம், கிட்டம் எல்லாம் கண்ணாடியில்லாமல் தெரியும் என்று விலை உயர்ந்த பல்குவிய லென்ஸை எடுத்துச் சொல்வார்கள். மறதி உள்ளவருக்கு அது வேண்டாம். விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். மங்கலில் பார்வை இன்னும் குறையும். அதற்கெல்லாம் மூளை பழகிக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம்தான் இவர்களுக்குக் கடினம். விழித்திரைக் கோளாறோ கண் அழுத்த நோயோ சேர்ந்திருந்தால் அறவே கூடாது. சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ் போதும். எந்தத் தூரத்துக்குக் குவிப்பது என்பதை மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். வழக்கமாகத் தூரத்துக்கு வைத்துவிடுவார்கள். நாள் முழுக்க வீட்டுக்குள் இருந்து, பூ கட்டி, கீரை ஆய்ந்து, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுபவருக்குக் கிட்டத்தில் தெளிவாக வைப்பது உதவலாம். வாழ்நாள் முழுக்கக் கிட்டப்பார்வையோடு, கண்ணாடியைக் கழற்றிப் படித்தவருக்கு அதை மாற்றிவிட்டால் குழம்பிப்போவார்.

அறுவைக்குப் பிந்தைய ஒரு மாதம்தான் உண்மையான சோதனை. முதலில் ஒரு நாளைக்கு ஆறு தடவை, பிறகு குறைத்துக்கொண்டே வந்து, நான்கு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். பெரியவரிடம் பொறுப்பை விடக் கூடாது. விட்டேன் என்று சொல்வார், விட்டிருக்க மாட்டார், அல்லது இரண்டு தடவை விட்டிருப்பார். ஒரே ஆள் பொறுப்பெடுத்து, சுவரில் ஒட்டிய தாளில் நேரத்துக்கு நேரே கோடு போட வேண்டும். மாமாவுக்குக் கை நடுங்கும் என்பதால் பகலில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து விட்டாள். தூக்கத்தில் கசக்காமல் இருக்க இரவில் கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்ட வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அன்றே ஓட வேண்டும். தொற்றாக இருந்தால் மணிக்கணக்கில் கண் போகும். அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து செலுத்துவீர்களா என்று முன்பே கேளுங்கள். அரவிந்த் மருத்துவமனைகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் கணக்கைப் பார்த்ததில், அப்படிச் செலுத்தியபோது தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்திருந்தது. சொட்டு மருந்து ஒழுங்காக விழுமா என்று சந்தேகம் உள்ள வீட்டில் இது பெரிய காப்பு.

ஒரு கண் முடிந்ததும் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். படிக்கட்டின் ஆழம் தெரிய இரண்டு கண்ணும் வேண்டும். முதல் கண்ணில் ஒத்துழைத்தவர் என்றால், அந்த அனுபவம் மறப்பதற்குள் இரண்டாவதையும் முடித்துவிடுவது நல்லது.

அறுவை இல்லாமல்

ஆளை அடையாளம் தெரியாத, படுக்கையோடு படுக்கையாகிவிட்ட, தொட்டாலே மிரளும் நிலையில் உள்ளவருக்கு நான் அறுவையைப் பரிந்துரைக்க மாட்டேன். விழித்திரையோ பார்வை நரம்போ ஏற்கெனவே கெட்டுவிட்டது என்றால், புரையை எடுத்தும் பலன் சொற்பமே. புரை அடர்ந்து உள்ளே தெரியாவிட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். இவர்களுக்கு வீட்டை மாற்றுவதுதான் மருத்துவம். மற்றவர்களுக்கும் அறுவையோடு சேர்த்து இது தேவை.

அறுபது வயதுக் கண்ணுக்குள், இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால், சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேருகிறது. எண்பதில் இன்னும் குறைவு. கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு முழுக்க விளக்கு எரியட்டும். விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது. பளபளக்கும் டைல்ஸ் தரை ஈரம் போலத் தெரிந்து கால் தயங்கும். படிக்கட்டின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். வெள்ளைத் தட்டில் வைத்த இட்லி கண்ணுக்குத் தெரியாமல் "சாப்பிடவே மாட்டேன் என்கிறார்" என்று புகார் வரும். வாழை இலையில் வைத்துப் பாருங்கள். கழிவறை முழுக்க வெள்ளையாக இருந்தால் இருக்கையின் மூடியை மட்டும் அடர்ந்த நிறத்தில் மாற்றுங்கள். பொருள்களை இடம் மாற்றாதீர்கள். பார்வையும் நினைவும் குறைந்தவருக்குக் கை பழகிய இடம்தான் துணை.

கண்ணாடி மாற்றுவது எளிய வழி என்று தோன்றும். முற்றிய புரைக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. பவரை ஒரேயடியாக அதிகம் மாற்றினால் நடை தடுமாறும். மேலும் கீழும் இரண்டு பவர் உள்ள கண்ணாடியோடு படி இறங்கினால் படியின் விளிம்பு மங்கும். நடக்க ஒன்று, படிக்க ஒன்று என்று தனித்தனியாக, வேறு வேறு நிறச் சட்டத்தில் செய்துகொடுப்பது நல்லது.

மருத்துவரிடம் போகும்போது

சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் பையோடு எடுத்துப்போங்கள். ஆண்களுக்குச் சிறுநீர் இறங்கக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரையைக் கட்டாயம் சொல்லுங்கள். அது அறுவையின்போது கண்ணின் கருவிழித் திரையைத் தொளதொளப்பாக்கும், முன்பே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். கண் மருத்துவரிடம் மறதியை மறைக்காதீர்கள். "வயசான ஆள், கொஞ்சம் அப்படித்தான்" என்று மழுப்பினால் அரங்கில் அவரே திணறுவார்.

கடைசி வார்த்தை பெரியவருடையது. மறதி தொடங்கிவிட்டது என்பதாலேயே அவருடைய விருப்பம் இல்லாமல் போய்விடாது. மனம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், அவசரமில்லாமல், "கண்ணில் திரை விழுந்திருக்கிறது, எடுத்தால் நன்றாகத் தெரியும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், நான் கூடவே இருப்பேன்" என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். மறுநாள் மறந்திருந்தால் மறுபடி சொல்லுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதாக இருக்கலாம், பழைய கட்டுப் போட்ட கண்களின் பயமாக இருக்கலாம். அண்மையில் அறுவை செய்துகொண்ட அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து அவரோடு பேசவிடுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டில் விளக்குகளைக் கூட்டிவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.